இரண்டாவது கரண்டி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் புளி கொட்டை எடுப்பதிலேயே போனது. மதிவதனி தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து கொட்டைகளைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். மகள் நிலா எதிரே சுவரில் சாய்ந்து, மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, நடுநடுவே நார் உரித்துக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு விசைத்தறி சுவரை இடித்துக்கொண்டே இருந்தது.

வேலை புளி மட்டும் அல்ல. மதிவதனி ஆரணிக் கல்லூரி ஒன்றில் வரலாற்றுப் பேராசிரியர். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் என்ன வெந்தது, எந்த நாளில் வெந்தது, யாருக்கு மிஞ்சியது என்று பல வருடங்களாக ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். அதெல்லாம் ஜூனில், பள்ளிக்கூடம் திறக்கும்போது, ஓர் இணையதளமாகத் திறக்கப்போகிறது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் அதை ஆசிரியர் பயிற்சிக்குப் பாடமாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. தளத்தைக் கட்டியவள் நிலா. சென்னையில் தரவுத்தளப் பொறியாளராக இருக்கிறாள். அவள் ஒவ்வொரு பதிவாகப் பெயர் சொல்வாள். அம்மா "போடு" என்றால் "சரி" என்று குறிப்பாள். குறித்தது மட்டும்தான் வெளியே தெரியும்.

"வெம்பாக்கம் பக்கம். பொன்னியம்மாள். நத்தைக் குழம்பு."

"போடு."

"இதுல ரெண்டாவது கரண்டி காலியா இருக்கேம்மா."

"போடுன்றேன்ல. அவ சொன்னது சரிதான்."

நிலா போட்டாள். சாயங்காலம் பஸ் ஏறிச் சென்னைக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை காலை கல்லூரிக்குக் கிளம்பிய மதிவதனி, வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவர், நிமிரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பானுப்ரியா வந்தாள். மதிவதனியின் பழைய மாணவி, இப்போது அதே துறையில் கௌரவ விரிவுரையாளர், நெசவுக்காரர் வீரபாகுவின் மகள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, போகிறபோக்கில் கேட்டாள்.

"அக்கா, அந்த நத்த பதிவ நிறுத்திட்டீங்கல்ல?"

"எதுக்கு நிறுத்தணும்? அம்மாதான் போடச் சொன்னாங்க."

"திங்கக்கெழம டிபார்ட்மென்ட்ல என்கிட்ட நிறுத்தணும்னு சொன்னாங்களே. ரெண்டாவது கரண்டி ஆவலன்னாங்க. ஒங்ககிட்ட போன்ல சொல்றேன்னாங்களே, சொல்லலியா?"

சொல்லவில்லை. நிலாவின் தொழிலில் இதற்கு வழி உண்டு. ஒரே இடத்தில் இரண்டு மாற்றம் வந்தால் பிந்தியது நிற்கும். அப்படிப் பார்த்தால் திங்கட்கிழமைதான் செல்லும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏன் "போடு" என்றார்? இரண்டாவது கரண்டி விழாமல் அம்மா எந்தப் பதிவையும் போட்டதில்லை. அந்த விதியை உண்டாக்கியவரே அவர்தான்.

மதிவதனி சேத்துப்பட்டுப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் பிறர் நிலத்தில் நட்டு அறுத்து, கூலியை நெல்லாக வாங்கியவர்கள். கல்லூரியில் ராஜாக்களின் விருந்தைப் பற்றிப் பாடம் நடந்தபோது, அந்த நெல்லை அடித்தவர்கள் அன்று என்ன சாப்பிட்டார்கள் என்று எழுந்து கேட்டார். வாத்தியார் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். பிற்பாடு அதையே ஆராய்ச்சிக்குத் தலைப்பாக எடுத்தபோது நெறியாளர் "ஆதாரம் எங்கம்மா இருக்கு?" என்றார். டேப் ரெக்கார்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

கேட்டால் மட்டும் போதாது என்று அவருக்கு ஓர் எண்ணம். அவர்கள் சொன்னபடியே வீட்டில் சமைத்து, தூக்குச்சட்டியில் எடுத்துப் போய், சொன்னவர் முன்னால் வைப்பார். சாப்பிட்டுவிட்டு "இதான்" என்றால் எழுதிக்கொள்வார். முதல் வருடமே இதில் ஏமாந்தார். வீரபாகு வீட்டில், தெருவில் பாவு நூலை நீட்டும் நாளில் வைக்கும் புளிச்சோற்றைக் கேட்டு, செய்து கொண்டு போனார். வீரபாகு வழித்துச் சாப்பிட்டார்.

"அருமைங்க. இதேதாங்க."

மதிவதனி அதைக் கட்டுரையில் எழுதி, அது அச்சாகியும்விட்டது. பானுப்ரியா கல்லூரியில் சேர்ந்து, அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டில் காட்டியபோது, அவள் அம்மா ராஜம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் மதிவதனியையே வரவழைத்துச் சொன்னார்.

"ஏங்க மேடம், வெயில்ல தூக்கிகினு வந்து ஒரு பொம்பள சோறு குடுத்தா நல்லா இல்லன்னு எவன்ங்க சொல்லுவான்? வெந்தயம் தூக்கலா இருந்துச்சின்னு அன்னிக்கி ராத்திரி பூரா என்கிட்ட பொலம்பினாரு."

"அப்ப நான் எப்டிங்க தெரிஞ்சிக்கறது?"

"இன்னும் கொஞ்சம் போடுன்னு அவங்களா கேட்டா தெரிஞ்சிக்குங்க. மரியாதைக்கு ஒரு கரண்டி சாப்புடுவாங்க. ரெண்டாவது கரண்டி மரியாதைக்கு எறங்காது."

அன்றிலிருந்து அதுதான் விதி. சொன்னவர் தானாகத் தட்டை நீட்டினால் பதிவு வெளியே போகும். நீட்டாவிட்டால் திரும்பவும் கேட்டு, திரும்பவும் சமைத்து, திரும்பவும் பஸ் ஏறுவார். வந்தவாசிக்கு ஒரே கொழுக்கட்டையோடு மூன்று முறை போயிருக்கிறார்.

வகுப்பிலும் ஒரு கேள்வி வைத்திருந்தார். ஒவ்வொரு வருடமும் முதல் நாள், "நேத்து ராத்திரி ஒங்க வீட்ல இன்னா மிஞ்சிச்சி?" என்பார். பிள்ளைகள் சொல்லச் சொல்லப் பலகையில் எழுதுவார். சிலர் பேசாமல் இருப்பார்கள். எதுவும் மிஞ்சாத வீடுகள். அவர்களுக்கும் பலகையில் ஓர் இடம் விட்டு, அங்கிருந்து பாடத்தைத் தொடங்குவார்.

ஊரடங்குக் காலத்தில் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதைகளைப் போனிலேயே அனுப்பத் தொடங்கி, குவியல் கைமீறிப்போனது. அப்போதுதான் நிலா அட்டவணை போட்டுக் கொடுத்தாள். இரண்டாவது கரண்டிக்கு ஒரு கட்டம். ஆமாம் அல்லது இல்லை.

"மூணாவது ஒண்ணு வேணும்," என்றார் மதிவதனி.

"ஆமா, இல்ல. இதுக்கு மேல இன்னாம்மா இருக்கு?"

"வாங்கி உள்ள வெச்சிகினு, தொடாம, மறுநாளு பாத்திரத்த பளபளன்னு வெளக்கி குடுத்தா? அது எதுலடி வரும்?"

நிலா மூன்றாவதைச் சேர்த்தாள். ஊருக்குள் சில வீடுகள் அதில் வந்தன. அந்த வீட்டுக்காரர்கள் மதிவதனியை உட்காரவைத்து மணிக்கணக்காகப் பேசியவர்கள்தான். அவர் கையால் சமைத்ததைச் சாப்பிடுவது மட்டும் வேறு கணக்கு. மதிவதனி காரணம் சொன்னதில்லை. நிலா கேட்டதுமில்லை. அந்தப் பதிவுகள் மூடியே இருக்கின்றன.

பொன்னியம்மாள் அப்படி இல்லை. அவரும் கூலிக்கு நட்டவர், இரண்டு குடும்பமும் ஒரே சனம். கொடுத்தால் உட்கார்ந்து சாப்பிடுவார். பின் ஏன் கட்டம் காலி? நிலா அவர் மகன் மாணிக்கவேலுக்குப் போன் செய்தாள். அவர் செய்யாறில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர்.

"கேள்விப்பட்டம்மா. வரணும்னுதான் இருந்தேன். எந்த மூஞ்ச வெச்சிகினு வர்றதுன்னு தெரியல."

"ஏண்ணா அப்டி சொல்றீங்க?"

"ஞாயித்துக்கெழம ராத்திரி நான்தான் மேடத்துக்கு போன் பண்ணேன். கொஞ்சம் சத்தமா பேசிட்டேன். எம் பொண்ணு இங்லீஷ் மீடியத்துல படிக்குதும்மா. ஆயா நத்த பொறுக்கினு இருந்த கதைய ஊர் பூரா கேட்டா, கூட படிக்கறதுங்க நத்தன்னே கூப்புடும். பேரையாவது எடுத்துடுங்க மேடம்னேன்."

"அம்மா இன்னா சொன்னாங்க?"

"திட்டியிருந்தா தேவல. மழ வரட்டும்பா, வயல்ல நத்த வந்ததும் செஞ்சி எடுத்துகினு வர்றேன், நீயும் ஒங்கம்மா கூட ஒக்காந்து சாப்புடு, அப்பால பேசலாம்னாங்க. எனக்கு ஒரே பேஜாரா பூட்ச்சி."

பின்னால் ஒரு குரல் கேட்டது. போன் கைமாறியது.

"மதி பொண்ணா? ஒங்கம்மா எங்கடி? ஆளையே காணம். நத்த கொண்டாரேன்னா, நத்த மேலயே ஏறிகினு வர்றாளா?"

மாணிக்கவேல் பொன்னியம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை என்பது நிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மழ இல்லியே பெரிம்மா," என்றாள்.

"அதுவும் சரிதான். சேத்துல இருந்து எடுத்தத நல்ல தண்ணில ஒரு நாளு போட்டு வெக்கச் சொல்லு. இல்லன்னா மண்ணு கடிக்கும். அப்பறம், எம் பேர பெருசா போடச் சொல்லு. கூலி வாங்க கைநாட்டு வெச்சதோட சரி, எம் பேர எவனும் எழுதினதில்ல."

"யம்மா, குடு இப்டி," என்று மாணிக்கவேல் போனை வாங்கினார். "பாத்தியாம்மா? இதான் என் நெலம," என்றார்.

நிலா கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா "போடு" என்றது மாணிக்கவேல் போன் செய்வதற்கு முன். "நிறுத்து" என்றது அதற்குப் பின். அது புரிகிறது. போன் வருவதற்கு முன்பே விதியை மீறியது ஏன்? மழை இல்லை, நத்தை கிடைக்காது, ஜூனுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரமா? அசதியா? உடம்பு அப்போதே ஏதாவது சொல்லியிருக்குமா? அல்லது, சேத்துப்பட்டில் அந்தக் குழம்பைத் தின்று வளர்ந்த தன் நாக்கே போதும் என்று நினைத்தாரா? "அவ சொன்னது சரிதான்" என்றாரே. நிலாவுக்கு ஒரு நாளும் அம்மா நத்தை சமைத்துப் போட்டதில்லை. அது ஏன் என்றும் தெரியவில்லை.

பெயரை எடுத்துவிட்டுப் போடலாம். பொன்னியம்மாள் கேட்டது அந்தப் பெயரைத்தான். பெயரோடு போடலாம். மாணிக்கவேலின் மகள் ஜூனில் பள்ளிக்கூடம் போக வேண்டும். நிலா "சரி"யை அழித்தாள். கட்டம் காலியாக நின்றது. தளம் ஜூனில் நத்தைக் குழம்பு இல்லாமல் திறந்தது. பல்கலைக்கழகத்தில் பாராட்டினார்கள். ஒருவரும் எதையும் தேடவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. பானுப்ரியா போன் செய்தாள்.

"அக்கா, மார்க்கெட் பக்கம் ஒரு அம்மா நத்த வெச்சிகினு ஒக்காந்திருக்காங்க. வாங்கட்டுமா?"

"எனக்கு செய்யத் தெரியாதேடி."

"பதிவ போட்டு கேளுங்க. எங்கம்மா கூட இருந்து காட்டுறேன்னாங்க. நத்தைய மட்டும் தொட மாட்டாங்களாம், வாயால சொல்லுவாங்களாம்."

நிலாவுக்குச் சிரிப்பு வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்தது.

"எவ்ளோ வாங்கட்டும்?" என்றாள் பானுப்ரியா மறுபடி.

பொன்னியம்மாள் தட்டை நீட்ட வேண்டும். மாணிக்கவேலும் நீட்ட வேண்டும். அதற்கு முன் பொன்னியம்மாளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும், அல்லது யாராவது சொல்லிவிட்டார்களா என்று கேட்க வேண்டும். சட்டியோடு வாசலில் நிற்பது மதி இல்லை என்று அவர் பார்க்கும்போது என்ன பேசுவது என்று நிலா யோசித்துப் பார்த்தாள்.

"லைன்ல இருக்கீங்களாக்கா? அந்தம்மா கெளம்புறாங்க."

"இருக்கேன்," என்றாள் நிலா.

வெம்பாக்கத்துக்குக் குழம்பு இன்னும் போகவில்லை.