விளக்கு வைத்த பிறகு

ஜெர்மனியின் வுப்பர்டாலில் முப்பது வருடமாக இருக்கும் தவமலர், கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாதவள். எந்தக் கறி வைத்தாலும் கீழ்வீட்டு ஹெல்காவுக்கு ஒரு கிண்ணம் போகும்.

அந்த வெள்ளிக்கிழமை மட்டும் இல்லையென்று சொல்லிவிட்டாள். பகலெல்லாம் பனிப்புயல்; பின்னேரம் மின்சாரமும் போய்விட்டது. சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினால், கதவைத் தட்டிக்கொண்டு ஹெல்கா நிற்கிறார். வாசற்படி உறைந்து கண்ணாடியாய் வழுக்குகிறதாம், தூவக் கொஞ்சம் உப்பு வேண்டுமாம்.

தவமலர் தன்னிடமும் முடிந்துவிட்டதென்றாள்.

கதவு சாத்தியதும் கணவர் கேட்டார்: "அலுமாரித் தட்டிலை ரெண்டு பக்கற் உப்புக் கிடக்குதெல்லே?"

"விளக்கு வைச்ச பிறகு ஆராவது உப்புக் குடுப்பினமே? அதோடை லட்சுமியும் வெளியிலை போயிடுவா. விடியக் குடுக்கிறன்."

விடியும்வரை ஹெல்கா வீட்டுக்குள் இருக்கவில்லை. குப்பைப் பையோடு இறங்கி, அந்தப் படியிலேயே விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். காலையில் தவமலர் இரண்டு பக்கற்றையும் படியில் கொட்டினாள். நடக்கத்தான் ஆளில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த முகத்தைப் பார்க்கவும் அவளுக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த வெள்ளி, விளக்கேற்றிய கையோடு கதவைத் திறந்தாள். ஹெல்காவின் மகள் ஒரு பெரிய மூட்டை உப்போடு நின்றாள்.

"அம்மா தந்துவிடச் சொன்னார். உங்களிடமும் உப்பு இல்லையாமே, நீங்களும் விழுந்துவிடுவீர்களென்று அங்கே படுத்தபடி ஒரே கவலை."