நெஞ்சில் விழுந்த பந்து

அடுத்த மேஜைக்காரர் இறந்தபோது காலை பதினொன்றரை மணி இருக்கும். கொஞ்ச நேரம் முன்புதான் என்னிடம் மை கேட்டு வாங்கியிருந்தார். ஒரு பத்திரத்தின் நகலில் ‘மேற்படி நிலத்துக்கு வடக்கே’ என்று எழுதியவர் அதற்குமேல் எழுதவில்லை. தலை பதிவேட்டின்மேல் சாய்ந்திருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். அவருக்கு முப்பத்தாறு வயது. எனக்கு முப்பத்து மூன்று.

அது அறுபதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். அவருடைய காரியம் முடியும்வரை எனக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வாரம், அதே பதினொன்றரை மணிக்கு, என் நெஞ்சு ஒருமுறை துடிக்கத் தவறியது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. உள்ளங்கை வேர்த்து எழுத்து கலங்கிப் போயிற்று. எழுந்து வராந்தாவுக்குப் போனேன். கால் தரையில் பாவவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, “இதயம் நல்லா இருக்கு, போங்க” என்றார். நான் நம்பவில்லை. இறந்தவரின் இதயமும் முந்தின நாள்வரை நன்றாகத்தானே இருந்தது? அன்றிலிருந்து மேஜைக்கடியில் இடது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது வழக்கமாயிற்று. வேகமாக நடப்பதை விட்டேன். வெந்நீரில் குளிப்பதை விட்டேன். மூன்று வயது மகளைத் தூக்குவதையும் விட்டேன். தூக்கியபடியே விழுந்துவிட்டால் குழந்தைக்கு அடிபடுமே என்ற பயம். என் மனைவி இதைக் கவனித்திருக்கிறாள். ஒருநாள், “ஏங்க, கொழந்த மேல கோவமா?” என்று கேட்டாள். இல்லை என்று மட்டும் சொன்னேன். ஆண்பிள்ளை பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் தெருவில் ஓர் அரிசி மில் லாரி டிரைவர் இருந்தார். ஆறடி உயரம், அண்டை வீடுவரை கேட்கும் சிரிப்பு. சாயங்காலங்களில் வேங்கிக்கால் ஏரியின் காய்ந்த மண்ணில் கூடி ஃபுட்பால் ஆடும் ஆட்களில் அவரும் ஒருவர். ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

“சார், ஒரு ஆள் கம்மியா இருக்குது. சும்மா கோல்ல நில்லுங்க, போதும்.”

“எனக்கு ஆடத் தெரியாதுங்க.”

“எங்களுக்கு மட்டும் தெரியுதா இன்னா? வாங்க சார்.”

மறுக்கக் காரணம் சொல்ல வேண்டும். உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாது. அதனால் போனேன்.

இரண்டு பக்கமும் கற்களை அடுக்கி கோல் வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு டெய்லர், இரண்டு பஸ் கண்டக்டர்கள், ஒரு பூக்கடைக்காரர், கோயில் குருக்கள் ஒருவர் என்று எல்லாரும் வெறுங்காலோடு புழுதியில் ஓடினார்கள். பந்து எதிர்க் கோடியில் இருந்தவரை நான் நாடியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பந்து என்னை நோக்கி வந்ததையே பார்க்கவில்லை. நனைந்து காய்ந்து கல்லாகிப்போன தோல் பந்து நேராக இடது மார்பில் விழுந்தது.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். காதுக்குள் ரத்தம் இரைந்தது. மலையின் உச்சி ஆடுவதுபோல் இருந்தது. மகளின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன், வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

குருக்கள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குடுமி அவிழ்ந்து தோளில் கிடந்தது. அடிபட்டதா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் என் விரல்கள் மணிக்கட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், “பயமா இருக்கா?” என்றார்.

முதல் படபடப்பு வந்து எட்டு மாதத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஆம் என்று தலையை ஆட்டினேன்.

“எனக்கும் உண்டு” என்றார். “சன்னிதில நிக்கறச்சே, கூட்டம் நெருக்கறச்சே, திடீர்னு மூச்சு முட்டும். வாசல் எந்தப் பக்கம்னு பாத்துண்டேதான் அர்ச்சனை பண்ணுவேன். ஆத்துல யாருக்கும் தெரியாது. இங்க வந்து ஓடினா, மூச்சு வாங்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு பாருங்கோ. அப்ப பயப்படத் தோணாது.”

நான் சாகவில்லை. மறுநாளும் போனேன். பயம் குறைந்ததால் அல்ல, அந்த மனிதர் அங்கே இருப்பார் என்பதால். ஒரு மாதத்தில் கோலை விட்டு வெளியே வந்து ஓடத் தொடங்கினேன். ஓடும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், நின்றபின் தானாக அடங்கும். அது அடங்குவதை ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்ப்பதுபோல் பார்த்தேன். டாக்டர் சொல்லி நம்பாததை அந்தப் புழுதியில் கொஞ்சம் கொஞ்சமாக நம்பினேன். அலுவலகத்தில் பதினொன்றரை மணிக்கு வரும் பயம் மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு, ஆவணியில், டிரைவர் வருவதை நிறுத்தினார்.

காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் சாயங்காலம் நானும் குருக்களும் டெய்லரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி கதவோரம் நின்று அழுதாள்.

“காய்ச்ச இல்லண்ணா. போளூர் ரோட்டுல ஒரு பொம்பள கொழந்தையோட குறுக்க வந்துட்டா. வண்டி நின்னுடுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஆனா அன்னிலேர்ந்து இவருக்குக் கை நடுக்கம் நிக்கல. சோறு தின்னல. இப்பதான் பின்னால வயல் பக்கம் போனாரு, கூப்பிட்டும் திரும்பிப் பாக்கல.”

நாங்கள் மூன்று பேரும் பிரிந்து தேடினோம். என் வழியில் ஒரு பாசனக் கிணறு இருந்தது. சுற்றுச்சுவர் கிடையாது. டிரைவர் அதன் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“கிட்ட வராதீங்க சார்.”

நான் நின்றுவிட்டேன். அசைந்தால் அவர் விழுந்துவிடுவாரோ என்று இருந்தது. என் நெஞ்சு அடித்த அடியில் அவருக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்றே நினைத்தேன். நல்ல வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்.

“டிரைவரே, நான் தெனமும் செத்துடுவேன்னு நெனச்சிக்கிட்டிருக்கேன். ஆபீஸ்ல மேஜைக்கடியில நாடி பாக்குறேன். எங்க வீட்லகூட சொல்லல.”

அவர் திரும்பிப் பார்த்தார். “ஒங்களுக்கா? எழுதுற வேலைல இன்னா சார் பயம்?”

“தெரியலங்க. இப்பக்கூட நெஞ்சு படபடன்னு இருக்கு. ஒக்காரணும்போல இருக்கு.”

“ஒக்காருங்க அப்ப.”

விளிம்பிலிருந்து நாலடி தள்ளி, வரப்பில் உட்கார்ந்தேன். நிற்க முடியாததால்தான் உட்கார்ந்தேன், தந்திரம் ஒன்றும் இல்லை. அவர் பேசினார். அந்தப் பெண்ணின் முந்தானை வண்டியின் முன்பக்கத்தில் உரசியதாம். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்ததாம். “அது சிரிச்சுது சார். ஸ்டீயரிங்கப் புடிச்சா அந்தச் சிரிப்புதான் தெரியுது. மோதியிருந்தா? மோதியிருந்தா இன்னா ஆயிருக்கும்?” திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கடைசியில், “கால் மரத்துப் போச்சு, கை குடுங்க” என்றார். கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு விளிம்பிலிருந்து எழுந்து வரப்புக்கு வந்தார்.

அப்போது மற்ற இருவரும் வரப்பில் ஓடி வந்தார்கள். நான்கு பேரும் அவர் வீட்டுக்கு நடந்து போய், அவர் மனைவி போட்ட சோற்றை, குருக்களும் ஆசாரம் பார்க்காமல், சேர்ந்து உட்கார்ந்து தின்றோம். அன்று வீடு திரும்பியதும் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மகளைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்துவிட்டு, தானும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் டிரைவர் ஏரிக்கு வந்தார். முதல் நாள் பந்தைத் தொடவே இல்லை, ஓரத்தில் நின்றார். ஒருவரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் பந்து அவர் காலடிக்கு உருண்டுபோனது, உதைத்தார். லாரியை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. மில்லிலேயே மூட்டை ஏற்றுவதை மேற்பார்க்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். அந்தச் சிரிப்பு திரும்பி வந்தது, முன்னைப்போல் சத்தமாக இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்து ஏரி நிறைந்தது. எங்கள் மைதானம் தண்ணீருக்கடியில் போயிற்று. இனி சாயங்காலங்களை என்ன செய்வேன் என்ற பயம் வந்தது. பழையபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள், தூறலில், குடை பிடித்தபடி ஐந்தாறு பேர் என் வாசலில் நின்றார்கள்.

“வீட்ல இருந்தா மண்ட சூடாவுது சார். வாங்க, நடக்கலாம்” என்றார் டிரைவர்.

மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலைவரை போய்த் திரும்பினோம். வழியில் இரண்டு முறை எனக்குப் படபடத்தது. “கொஞ்சம் இருங்க, எனக்குப் பயமா இருக்கு” என்று வாய்விட்டுச் சொன்னேன். எல்லாரும் நின்றார்கள். கண்டக்டர் ஒருவர் பீடி பற்றவைத்தார். எனக்கு அடங்கியபின் மறுபடி நடந்தோம்.