எழுதாமல் விட்ட வரி

நோயாளியாக நடிக்க வந்தவர் அந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேல்வயிற்றில் உள்ளங்கையை அழுத்தியபடி, அசையாமல். தாராவியில் தையல் வேலை பார்ப்பவர். நான் பாடம் நடத்தும் மருத்துவமனைக்குப் பஸ்ஸில் வருவார். நோயாளியிடம் கேட்டறிந்து முடிவெடுக்க மாணவர்கள் பழகவேண்டும் என்பதற்காக இப்படிச் சிலரை வரவழைப்போம். மாணவர்களுக்கு அவர் ஆன்ட்டி, எனக்குத் தையல்காரம்மா.

அவருக்கு நான் கொடுத்த நோய் கற்பனையல்ல. பல ஆண்டுகளுக்கு முன், கூட்டம் நெரிந்த ஒரு காலையில், நெஞ்செரிச்சல் என்று வந்த ஒரு பெண்ணுக்கு கேஸ் மாத்திரை எழுதி அனுப்பினேன். ஈசிஜி எடுக்கவில்லை. மறுநாள் மாரடைப்பில் அவர் இறந்துபோனார். பெயரை மாற்றி, யாரோ ஒரு டாக்டர் செய்த தவறாக அதைப் பாடமாக்கியிருந்தேன்.

ஐந்து மாணவர்கள் மாற்றி மாற்றி ஹிந்தியில் கேட்டார்கள். தையல்காரம்மா நான் எழுதிக் கொடுத்ததைப் பிசகாமல் சொன்னார். அசிடிட்டிதான், வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஐவரும் முடிவு செய்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"தாடையும் இழுத்துப் புடிக்கி டாக்டரம்மா. அதையும் எழுதிக்கிடுங்க."

மாணவர்களுக்குப் புரியவில்லை. இறந்த பெண் சொன்ன அதே வார்த்தைகள், அதே குரல். தாடை வலி மாரடைப்பின் அறிகுறி; அன்று நான் அதை எழுதவில்லை. பாடத்திலும் சேர்க்கவில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை. தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க, அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. ஸ்டூலில் இருப்பது யார் என்றே ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.

மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"எங்க அக்கா. அன்னிக்குப் பின்னால பையப் புடிச்சிக்கிட்டு நின்னது நாந்தான்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாடம் நடத்துவது நான் என்று தெரிந்தேதான் வந்தாராம்.

"புள்ளையளுக்கு என்ன சொல்லிக்குடுக்கியன்னு பாக்கணும்னு இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்டேன். அவர் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளை உள்ளே கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். நடந்ததைச் சொல்லி, அந்த டாக்டர் நான்தான் என்று அவர்களிடம் சொன்னபோது, என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அதன் பிறகும் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார். போன வாரம், மாத்திரை எழுதப் போன மாணவி ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வேறு எங்காவது வலிக்கிறதா என்று அவரிடம் கேட்டாள். தையல்காரம்மா முதலில் என்னைப் பார்த்தார்.