இரு கைகளில் இரண்டு மணம்

சாச்சி இத்தா இருந்த நாட்களில், அவருடைய அறைக்குள் நினைத்தபோதெல்லாம் போய்வர எனக்கு அனுமதி இருந்தது. உம்மாவின் தங்கை அவர். வீடும் எங்கள் வளவுக்குள்ளேயே. கணவனை இழந்த பெண் இத்தாவின் தவணை முடியும்வரை வெளியே போகாமல், நகையும் வாசனையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது.

சவூதியில் வேலைசெய்த அவருடைய கணவர், எங்கள் சாச்சா, அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கப்பட்டார். கூட இருந்த ஒருவர் அவருடைய பெட்டியை எங்கள் ஊரான சாய்ந்தமருதுக்குக் கொண்டுவந்து தந்தார். உள்ளே இரண்டு சென்ட் போத்தல்கள், ஒன்று ரோஸ் நிறம், மற்றது மஞ்சள். சாச்சா கடைசியாகப் பேசி அனுப்பிய கெசட்டை எல்லோரும் கேட்டிருந்தோம்.

“ரெண்டு சென்ட் வாங்கி வெச்சிரிக்கன். உனக்குப் புடிச்சத நீ எடு. மத்தத தங்கச்சிட கலியாணத்துக்குக் குடு.”

சாச்சாவின் அந்தத் தங்கையின் கலியாணம் நெருங்கியது. கைக்கு வந்ததைக் கொடுத்துவிடச் சொன்னார் உம்மா. சாச்சி கேட்கவில்லை.

“அவர் புடிச்சத எடுக்கச் சொன்னவர். பாக்காம எப்பிடி எடுக்கிற?”

பூசிப் பார்க்கவும் முடியாதே! அதற்கு அவர் கண்ட வழியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

“மூடியில மோந்து பாத்தா சரிவராது. மேலுல பட்டாத்தான் தெரியும். கைய நீட்டு மகள்.”

இடக்கையில் ரோஸ், வலக்கையில் மஞ்சள். நன்றாக வியர்த்த பிறகு வரச்சொன்னார். கடற்கரை வரை ஓடினேன். கருவாடு காயும் இடத்தில்கூட என் கைகள்தான் மணந்தன. ஒன்றில் ஆப்பிளும் ரோஜாவும், மற்றதில் கனிந்த மாம்பழத்துக்குள் மல்லிகை வைத்ததுபோல. இரண்டையும் நக்கிப் பார்க்கலாம் போலிருந்தது.

திரும்பி வந்ததும் சாச்சி இடக்கையை மோந்து, “நல்லம்” என்றார். வலக்கையைப் பிடித்தவர் கண்களை மூடிக்கொண்டார். வெகுநேரம் விடவேயில்லை.

“இதுதான்.”

பிறகு அந்த மஞ்சள் போத்தலையே தாளில் சுற்றி, மணப்பெண்ணுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

“இதத்தானே உங்களுக்குப் புடிச்ச?”

“ஓம், புடிச்ச. அவள் புதுப்பொண்ணு. நல்லத அவள் பூசட்டும்.”

இப்படியொரு மனுஷி எங்கள் குடும்பத்தில் இருக்கிறார் என்பதை அன்றே தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கலியாணத்தன்று, சாச்சி வரமுடியாது என்பதால் மணப்பெண்ணே அவரிடம் சலாம் சொல்ல வந்தாள். ஆளுக்கு முன்னால் மணம் அறைக்குள் வந்தது. சாச்சி அவளைக் கட்டிப்பிடித்துத் தோளில் முகம் புதைத்தார். எடுக்கவேயில்லை. “மதினி, மதினி” என்று அவளும் அழுதாள். கண்ணிலிட்ட சுறுமா கரைந்து வழிந்தது.

நல்லதைக் கொடுத்துவிட்டு இப்போது சாச்சி கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். அவருடைய வெள்ளைச் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“அழாதீங்க சாச்சி. மத்ததும் நல்ல மணந்தான்.”

மணப்பெண் அழுகையோடு சிரித்துவிட்டாள். சாச்சி என்னையும் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

“ஓம் மகள். மத்ததும் நல்ல மணந்தான்.”

சாச்சியைத் தேற்றிவிட்ட பெருமையோடு, கலியாண வீட்டில் சோறு வைக்குமுன் இடம்பிடிக்க ஓடினேன்.