வேலியோரத்து வெள்ளைக் குஞ்சு

எனக்கு வயது எண்பத்து மூன்று. பெற்று வளர்த்த பிள்ளைகள் ஆறு. வளர்த்த கோழிகளுக்குக் கணக்கில்லை. ஒரு குஞ்சைக் கையில் எடுத்தால் சேவலா பெட்டையா என்று சொல்லிவிடுவேன். ஆனால் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருப் பெண்கள் என்னைக் கேட்டதில்லை. முந்தானையில் குஞ்சை மூடிக்கொண்டு, என் வாசலைத் தாண்டி, அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

அடுத்த வீட்டுக்காரியை எல்லோரும் வாத்தியாரம்மா என்பார்கள். வாத்தியார் அவள் புருஷன். அவள் ஒரு பிள்ளைக்கும் பாடம் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடே குஞ்சைத் தூக்கிப் பார்ப்பாள். பொட்டு அழுக்குப் படாது. அதற்கும் எனக்கு வயிறு எரியும்.

அறுபதுகளின் கடைசி என்று ஞாபகம். என் கோழி அடைக்கு உட்கார்ந்தது. அவளிடம் முட்டைகளை வாங்கி அதன் கீழே வைத்தேன். முட்டை ஒருத்தியுடையது, அடைக்கோழி ஒருத்தியுடையது என்றால் குஞ்சில் ஆளுக்குப் பாதி. பருந்துக்கும் கீரிக்கும் போனது போக, வளர்ந்ததைப் பங்கு போட்டோம். ஒரு வெள்ளைக் குஞ்சு மட்டும் மிஞ்சியது. கொண்டை பெரிதாகிச் சிவந்திருந்தது.

"சேவல்" என்றேன்.

அவள் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "பெட்டை, தங்கச்சி." என்னைவிட ஆறு மாதம்தான் மூத்தவள்.

கிணற்றடியில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். "வாத்தியாரம்மா சொன்னா தப்பாதுக்கா" என்றாள் ஒருத்தி.

"அப்ப நான் இன்னா குருடியா? அது கூவட்டும், அப்புறம் பேசுங்கடி!"

யார் சொன்னது சரியோ அவளுக்கே குஞ்சு என்று முடிவாயிற்று. அதுவரை அது அவள் வீட்டில். எனக்குக் குஞ்சு பெரிதில்லை. ஒரே ஒரு தடவை அவள் வாக்கு பொய்க்க வேண்டும், இவர்கள் என் வாசலில் வந்து நிற்க வேண்டும்.

தினமும் விடியுமுன் எழுந்து வேலியோரம் காது கொடுப்பேன். ரயில் கூவும். குஞ்சு கூவாது.

"உங்க சேவல் பேசிச்சா தங்கச்சி?" என்பாள்.

"சோம்பேறிச் சேவல். உங்க வீட்டு வளர்ப்பு!"

மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் என் விறகுக்கட்டுக்குப் பின்னால் கொக்கரிப்பு. பழைய கூடையில் அந்த வெள்ளைச்சி. கீழே முட்டை, சூடு ஆறவில்லை. பார்த்தவர் யாருமில்லை. அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தோல்வியை அவித்துத் தின்கிற வீட்டில் நான் பிறக்கவில்லை. முட்டையோடு வேலிக்குப் போனேன்.

"நம்ம சேவல் முட்டை போட்டிருக்கு. பிடிங்க."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நாட்டுக்கோழின்னா நீங்க சொன்னதுதான் சரி, தங்கச்சி. இது கேளம்பாக்கத்து அண்ணன் வீட்டு சீமைக்கோழி முட்டையில வந்தது. அதுல பெட்டைக்கும் கொண்டை பெருசாத்தான் இருக்கும். நான் கழுத்து இறகைப் பார்த்தேன், நுனி மழுங்கலா இருந்துச்சு. சேவலுக்குக் கூரா வரும்."

யார் வீட்டு முட்டை என்று தெரிந்துவைத்துக்கொண்டு சொல்வது ஒரு கெட்டிக்காரத்தனமா?

"முட்டையிட உங்க கூடையைத்தானே தேடி வந்துது? உங்க கிட்டயே இருக்கட்டும்" என்றும் சொன்னாள்.

கோழி எனக்கு வந்தது. பேர் அவளிடமே நின்றது. மறுநாளும் பெண்கள் என் வாசலைத் தாண்டித்தான் போனார்கள். "முட்டையை நீங்களே கொண்டுபோய்க் குடுத்தீங்களாமே!" என்று மெச்சினார்கள். அதையும் பரப்பியது அவள்தான்.

அவள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல எழுதினதைப் படிச்சுக் காட்டு. அவ சொன்னதுதான் சரின்னு வர்ற இடத்தை மட்டும் குரலைத் தணிச்சுப் படி. அடுத்த வீட்டுல அவ மருமக ஜன்னலைத் திறந்து வச்சிருக்கா.