மணிக்கு நாலு கிலோமீட்டர்

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த மாதத்தில் மாமா துபாயிலிருந்து வந்திருந்தார். தினமும் சைக்கிள் ஓட்டும்படி டாக்டர் சொன்னதைக் கேள்விப்பட்டு, அப்பாவின் சைக்கிளில் ஒரு மீட்டரைப் பொருத்திக் கொடுத்தார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். முன்சக்கரக் கம்பியில் ஒரு சின்னக் காந்தம், பக்கத்தில் ஒரு சென்சார். சக்கரம் சுற்றச் சுற்ற, ஒயரே இல்லாமல் ஹேண்டில்பாருக்குச் சேதி போகும். எவ்வளவு தூரம், என்ன வேகம், எல்லாம் அதில் வரும். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. மாமா ஊருக்குப் போனதும் அந்த மீட்டருக்கு நானே பொறுப்பாளி ஆகிக்கொண்டேன்.

அப்பா காலையில் ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து கிளம்பிக் கொள்ளிடக் கரைப் பக்கம் போவார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து ஸ்டாண்டு போடுவதற்குள் நான் ஓடிப்போய் மீட்டரைப் பார்ப்பேன். சராசரி வேகம் நாலு கிலோமீட்டர் என்று காட்டும். மிஞ்சிப்போனால் நாலரை.

"இந்த வேகத்துல ஓட்டினா கீழ விழுந்துடுவீங்கப்பா" என்றேன்.

"மெதுவாத்தானே போறேன்" என்றார். நான் விடாமல் நச்சரிக்கவே, "மீட்டர்லதான் ஏதோ கோளாறு போல, பாப்பா" என்று ஒப்புக்கொண்டார்.

ரயில்வேயில் அளவுமானிகளைச் சோதிப்பதுதான் அப்பாவின் வேலை. முள் ஒரு மயிரிழை விலகினாலும் கையெழுத்துப் போடாதவர் என்று பெயர். வீட்டு மீட்டர் நாள் தவறாமல் பொய் சொல்வதை மட்டும் அவர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒழுங்கா ரிப்பேர் பண்ணு. நிஜமா ஓட்டுறாரா, டீக்கடையில உக்காந்துட்டு வராரான்னு தெரியட்டும்" என்று என்னை ஏவிவிட்டாள்.

கையேட்டைப் படித்துக் காந்தத்தைச் சென்சாருக்கு நெருக்கமாக நகர்த்தினேன். அம்மாவின் தையல் டேப்பால் சக்கரத்தின் சுற்றளவை அளந்து, மீட்டரில் பதிந்திருந்ததோடு ஒப்பிட்டேன். சரியாகத்தான் இருந்தது. நானே எங்கள் தெருவில் ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு, பதிமூன்று என்று ஜோராகக் காட்டியது. மறுநாள் அப்பா எடுத்துப்போனார். நாலு.

கொள்ளிடக் கரையில் இருந்த செல்போன் டவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. என் பேச்சைக் கேட்டு அப்பா ஒரு நாள் எதிர்த்திசையில் காவிரிக்கரை அம்மா மண்டபம் பக்கம் போய் வந்தார். அன்றும் நாலுதான். என் கையில் உண்மை பேசுகிற மீட்டர் அப்பா கையில் மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது? உடம்பில் சர்க்கரை ஏறினால் சிக்னல் தடைபடுமா என்று சயின்ஸ் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் சிரித்தாரே தவிர, முடியாது என்று திட்டமாகச் சொல்லவில்லை. அதனால் அந்தச் சந்தேகத்தையும் நான் கைவிடவில்லை.

ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனபோது டயர் பஞ்சராகிவிட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தவள், வாசலை நெருங்கும்போது தற்செயலாக மீட்டரில் அப்போதைய வேகத்தைப் பார்த்தேன். நாலு!

"அம்மா, எனக்கும் நாலு காட்டுது! அப்பாவுக்கு வர்ற அதே கோளாறு!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன்.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டிக்கிட்டா வந்தே?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, பஞ்சர். உருட்டிக்கிட்டு வந்தேன்."

பேப்பர் அப்பாவின் முகத்தை விட்டு இறங்கவில்லை. அம்மா அந்தப் பேப்பரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். இனிமே அதை நோண்டாத" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டாள். ஏவிவிட்டவளே தடுத்தது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த தெருவில் இருந்த சித்தப்பா வீட்டோடு எங்களுக்கு அப்போது பேச்சுவார்த்தை கிடையாது. சித்தி வீட்டு வளைகாப்பு ஒன்றுக்கு எங்களை நேரில் வராமல் போனில் அழைத்துவிட்டார்கள் என்று அம்மாவுக்கும் சித்திக்கும் மூண்ட சண்டை அது. இரண்டு வீட்டாரும் எதிரெதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போகும் அளவுக்கு வளர்ந்திருந்தது. பல வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் சித்தப்பா சொன்னார்:

"அப்போ ஸ்கூட்டர்ல விழுந்து எனக்கு முட்டி போச்சுல்ல, டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு. அண்ணன் தெனமும் தெருமுனையில சைக்கிளோட நிப்பாரு. ஏறவே மாட்டாரு. ஒரு கையில சைக்கிள், இன்னொரு கையில என் தோளு. அப்படியே ஆத்தங்கரை வரைக்கும் உருட்டிக்கிட்டே வருவாரு. பேசினது என்னன்னா கேக்குற? கிரிக்கெட்தான்."

என் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த சமயம் சித்தப்பாவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. அவர்கள் லாரியில் சாமான் ஏற்றுவதை எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம். அம்மா மாடிப்படியில் பாதிவரை இறங்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி ஏறி வந்து காயாத துணிகளை எடுக்க ஆரம்பித்தாள்.

எனக்கு அன்று வேறு கவலை. மீட்டரில் நான் இன்னும் மாற்றிப் பார்க்காதது பேட்டரி ஒன்றுதான். சமையலறை எடைமெஷினில் அதே மாதிரி வட்டப் பேட்டரி இருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் அதைக் கழற்றி மீட்டரில் போட்டேன்.

மறுநாள் அப்பா சீக்கிரமே திரும்பிவிட்டார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பதினாறு! தெருவே கேட்கும்படி கூவினேன்.

"அப்பா! சரியாயிடுச்சு! பேட்டரிதான் ரிப்பேரு! நான்தான் கண்டுபிடிச்சேன்!"

"ஆமாம்மா" என்றார் அப்பா. "சரியாயிடுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை பெரிய வேலையை ஒற்றை ஆளாகச் செய்து முடித்திருக்கிறேன். ஒரு சபாஷ்கூடச் சொல்லாமல், செருப்பைக் கழற்றாமல், இந்த அப்பா ஏன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று கோபம் கோபமாக வந்தது எனக்கு.