பீரோவில் மூன்று வருஷம்

பாக்கியலட்சுமி கொச்சிக்குக் கிளம்பியது மாசி மகத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விழுப்புரம் பஸ்ஸின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, மகளுக்கு டியூஷன், புருஷன் இராமதாஸுக்கு மாத்திரை, மாமியாருக்கு கேஸ் புக் செய்யும் நம்பர் என்று ஒவ்வொன்றாக ஒப்படைத்துக்கொண்டிருந்தார். விசில் அடித்தும் கீழே இருந்த கால் மேலே ஏறவில்லை.

"யம்மா, அந்த பூட்ஸையும் உள்ள எடுத்துக்கினா வண்டி கெளம்பும்" என்றார் கண்டக்டர். முன்சீட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பாக்கியக்காவும் சிரித்தபடி உள்ளே ஏறினார்.

அந்த பூட்ஸ் இரண்டு நாள் முன்பு அவரைப் போகவிடாது போலத்தான் இருந்தது.

பாக்கியக்கா வெல்டர். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகித் தேங்காய்த்திட்டுக்கு வந்தவர். துறைமுகத்து ஓரத்தில் விசைப்படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் கூட்டிப் பெருக்கத்தான் முதலில் சேர்ந்தார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் கழித்துப்போட்ட தகட்டை எடுத்து வைத்துப் பற்றவைத்துப் பார்ப்பார். ஒருநாள் முதலாளி ஒரு தகட்டைத் தூக்கிப் பார்த்து, இது யார் போட்ட ஜாயின்ட் என்று கேட்டாராம். துடைப்பத்தோடு நின்றவர் மட்டும் கையைத் தூக்கினார். அடுத்த வாரம் துடைப்பம் வேறு கைக்குப் போனது.

பட்டறையில் எல்லோருக்கும் ரப்பர் செருப்புதான். தீப்பொறி விழுந்து விழுந்து அவருடைய புறங்கால் முழுக்கக் கடுகு தெறித்த மாதிரிப் புள்ளிகள். நல்ல தோல் பூட்ஸ் வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். ஆம்பளை சைஸ் ஆறில்தான் ஆரம்பம், அவருக்கு நாலு. ஒரு கடைக்காரப் பையன் பள்ளிக்கூட ஷூவைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறான். கடைசியில் முல்லா வீதியில் அன்வருதீன் பாயும் அவர் மனைவி ஜஹபர் நிஷாவும் நடத்தும் கடையில், காலுக்கு அளவெடுத்து, ஆம்பூர்த் தோலில் மேல்பாகம் தைத்து, முனையில் இரும்புத் தொப்பி வைத்து, ஃபேக்டரி சோல் ஒட்டிக் கொடுத்தார்கள்.

அவ்வளவு நல்ல பூட்ஸைப் பட்டறைச் சேற்றிலும் மீன் ரத்தத்திலும் எப்படி வைப்பது? பெரிய யார்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாம் என்று பீரோவில், பட்டுப்புடவைக்குப் பக்கத்தில், ரசக்கற்பூர உருண்டையோடு வைத்தார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும். வெல்டிங் ஹோல்டருக்கும் முகமூடிக்கும் பொட்டு வைத்தவர் பூட்ஸுக்கும் வைக்கப் போக, மாமியார் செல்வாம்பாள் பிடித்துக்கொண்டார். காலில் போடுவதற்குப் பொட்டு வைக்கிற குடும்பத்தை இப்போதுதான் பார்ப்பதாகத் தெருவுக்கே கேட்கச் சொன்னார். கடைசியில் சாமி படத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது என்று ராசியானார்கள். மூன்று ஆயுத பூஜை இப்படியே நடந்தது.

அப்புறம் கொச்சியில் கப்பல் கட்டும் ஒரு யார்டில் ஆள் எடுத்தார்கள். அப்போதும் புதுசைத் தொட மனசு வராமல் இரவல் பூட்ஸில் போய் டெஸ்ட் கொடுத்துத் தேறினார். செவ்வாய்க்கிழமை காலையில் சேர வேண்டும். அவர் சைஸ் ஸ்டோரில் இல்லாததால் பூட்ஸை அவரே கொண்டுவர வேண்டும், அது இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள் என்று போனில் இரண்டு முறை சொன்னார்களாம். முந்தின வெள்ளிக்கிழமை பாக்கியக்கா பீரோவைத் திறந்து பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டு கூடத்திலிருந்து சமையல்கட்டுக்கு நடந்தார். பின்னாலேயே தரையெல்லாம் சோல் கேழ்வரகுப் புட்டு மாதிரி உதிர்ந்துகொண்டு வந்தது. சமையல்கட்டுக்குப் போனபோது இடது குதிகால் கூடத்திலேயே நின்றுவிட்டிருந்தது.

அன்றைக்கு அன்வருதீன் பாய் கடையில், அக்காவின் தெருக்காரியான நானும் இருந்தேன். சில வருஷம் ஊர் ஊராகச் சுற்றித் திரும்பியிருந்தேன்; என் மலையேறும் பூட்ஸின் அடி தேய்ந்து உள்தையல் தெரிந்தது. மேஜையில் அதை வைத்த கொஞ்ச நேரத்தில் பாக்கியக்கா வந்து, தன்னுடையதையும் உதிர்ந்த துண்டுகளை அள்ளிப்போட்ட பாலிதீன் பையையும் பக்கத்தில் வைத்தார். ஜஹபர் நிஷா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒருத்தி நடந்தே கொன்னுட்டா. ஒருத்தி நடக்காமயே கொன்னுட்டா" என்றார்.

பாக்கியக்கா, டூப்ளிகேட் சோல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். இந்த வகை சோல் போட்டு நடந்தால்தான் உழைக்கும், கடற்காற்று ஊரில் சும்மா வைத்தால் உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும் என்று பாய் சொன்னார். வாங்கும்போதே சொன்னேனே என்றார். சொல்லவே இல்லை என்றார் அக்கா. சொன்னதாகத் தனக்கும் ஞாபகமில்லை என்று நிஷா தீர்ப்பு சொன்னதும் பாய் பூட்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பாய், செவ்வாக்கெழம கேட்டாண்ட நிக்கணும். ஆவுமா ஆவாதா, அத மட்டும் சொல்லுங்க."

பாய் தோலை வளைத்துப் பார்த்தார், தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தார். மேல்பாகம் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். ஆனால் மறுநாள் காரைக்காலில் மச்சான் வீட்டு நிச்சயதார்த்தம், திங்கட்கிழமைதான் கடை.

"நீங்க போவலைனா ஒரு தட்டு பிரியாணி மிஞ்சும், வேற ஒண்ணும் ஆவாது" என்றார் நிஷா. "ஒக்காந்து வேலையப் பாருங்க. நான் போய் ரெண்டு பேரு பங்கும் சாப்ட்டு வரேன்."

அவ்வளவுதான். பாய் அன்று சாயங்காலமே பழைய சோலைச் சுரண்டி எடுத்து, கால் வடிவ அச்சில் ஏற்றி, கெட்டி ரப்பர் ஷீட்டை அளவுக்கு வெட்டி ஒட்டினார். இந்த முறை பசையை மட்டும் நம்பவில்லை. சுற்றிலும் குத்தூசி போட்டுத் தைத்தார். சனிக்கிழமை மத்தியானம் பாக்கியக்கா போட்டுப் பார்த்தபோது சோல் சரி, தோல்தான் விறைப்பு. மூன்று வருஷமாகக் கால் படாத தோல். அப்படியே யார்டுக்குப் போனால் முதல் நாளே கால் புண்ணாகிவிடும். இன்றைக்கெல்லாம் நடந்துவிட்டு எங்கே கடிக்கிறது என்று காலையில் வந்து சொல்லச் சொன்னார் பாய்.

மாசி மகத்தன்று நடப்பதற்கு வைத்திக்குப்பம் கடற்கரையை விட்டால் வேறு எங்கே? என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டார். பூட்ஸ் கொக்கியில் புடவை மாட்டுகிறது என்று பட்டறைக் காக்கி பேன்ட் சட்டையைப் போட்டுக்கொண்டார். அதுதான் வினையாகிவிட்டது. குருசுக்குப்பத்தைத் தாண்டுவதற்குள் தள்ளுவண்டிக்காரர்கள் வண்டியை அவசரமாக ஓரம் கட்டினார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர் வாசலில் நாற்காலியிலிருந்து எழுந்து, "போன்ழூர், மதாம்" என்று விறைப்பாக சல்யூட் வைத்தார். திண்டிவனத்திலிருந்து வந்த ஒரு பெண் ஓடிவந்து, கூட்டத்தில் மாமியாரைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தாருங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போலீசு இல்லம்மா" என்று பாக்கியக்கா எத்தனையோ முறை சொன்னார். யாரும் நம்பவில்லை. கடைசியில் சொல்வதை விட்டுவிட்டார். நீர்மோர்ப் பந்தலில் உட்கார்ந்திருந்த அந்த மாமியாரைக் கண்டுபிடித்து ஒப்படைத்தார். சாமி ஏற்றிய டிராக்டர் ஒன்று கூட்டத்தில் சிக்கியபோது கையை உயர்த்தி எதிரே வந்த வேனை நிறுத்தினார். அசல் போலீஸ்காரர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, நல்லதாகப் போயிற்று என்று டீ குடிக்கப் போனார்.

தண்ணீர் ஓரம் வந்ததும் அவர் தயங்கினார். சாமிக்கு முன் பூட்ஸோடு நிற்க முடியாது; கழற்றிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்காது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை போல. லேஸைக் கட்டித் தோளில் மாட்டலாமா என்று அவர் யோசிக்கையில், பேத்தியோடு மணலில் உட்கார்ந்திருந்த செல்வாம்பாள் எங்களைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி முழிச்சிக்கினு நிக்கிற? குடு இங்க."

கழற்றிக் கொடுத்ததும் அந்த அம்மாள் மணலைத் தட்டிவிட்டு, முந்தானையை விரித்து, இரண்டு பூட்ஸையும் மடியில் வைத்துக்கொண்டார். மயிலம் முருகன் தீர்த்தவாரி முடிந்து எதிரிலேயே வந்தபோதும் இறக்கவில்லை. ஒரு கையால் பூட்ஸைப் பிடித்துக்கொண்டே மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அலையில் முழங்கால் வரை நின்ற மருமகள் திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் இடது கணுக்கால் ஓரத்தில் சிவந்திருந்தது. பாய் அந்த இடத்தில் எண்ணெய் தொட்டு, உள்ளே கட்டை கொடுத்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தையலை அமுக்கினார். கடைக்குள்ளேயே நாலு நடை நடந்து பார்த்துவிட்டு அக்கா தலையாட்டினார். அப்படியே நேராக பஸ் ஸ்டாண்டுக்குத்தான்.

அப்புறம் எப்போதாவது ஒரு குட்மார்னிங் படம் வரும், அவ்வளவுதான். ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒருநாள் வாட்ஸ்அப்பில் குரலாக ஒரு செய்தி வந்தது. பின்னணியில் கிரைண்டர் சத்தம்.

"தங்கச்சி, நல்லா இருக்கியா? என்னைய பர்மனென்ட் பண்ணிட்டாங்க. இங்க மூணு பொண்ணுங்க புதுசா சேந்திருக்குதுங்க. ஆம்பள பூட்ஸ்ல துணிய அடச்சிக்கினு தொப்பு தொப்புனு நடக்குதுங்க, பாக்க முடியல. லீவுக்கு மூணையும் கூட்டிக்கினு வரேன். பாயை கடையில இருக்கச் சொல்லு. சாயங்காலமாத்தான் வருவோம், நாளெல்லாம் நின்னு வீங்குன காலுக்கு அளவெடுத்தாதான் சரியா இருக்கும்."